பாலர் பள்ளியும் பெற்றோர் கடமையும்

நெசவாளர் இல்லத்திலும் உழவர் இல்லத்திலும் பிறந்த குழந்தை மூன்று வயது நிரம்பியதும் அங்கன்வாடிக்கோ வேறு பாலர் பள்ளிக்கோ செல்லத் தொடங்குகிறது. அது வீடு திரும்பியதும் பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி, "இன்று என்ன எழுதினாய்?" என்பதே. "மணலில் விளையாடினோம்" என்றோ, "பாட்டுப் பாடினோம்" என்றோ குழந்தை விடை கூறுகிறது. நாள்தோறும் இவ்விடையையே கேட்கும் பெற்றோர் உள்ளத்தில் ஐயம் பிறக்கிறது. விளையாடுவதற்கு ஒரு பள்ளி வேண்டுமா, வீட்டு வாசலிலேயே விளையாடலாகாதா என்று அவர்கள் எண்ணுகின்றனர்.

இவ்வையத்தினின்று இருவகைத் தீங்குகள் விளைகின்றன. சிலர் குழந்தையை ஒழுங்காக அனுப்புவதை நிறுத்திவிடுகின்றனர். வேறு சிலர், மூன்று வயதிலேயே எழுத்தும் கணக்கும் ஆங்கிலமும் கற்பிப்பதாகக் கூறும் இடத்தைத் தேடிச் சென்று, தம் சக்திக்கு மீறிய கட்டணத்தைச் செலுத்த முற்படுகின்றனர். தறிக்கோ பயிருக்கோ பயன்பட வேண்டிய பணம் அதற்குச் செல்கிறது. போதாததற்குக் கடனும் சேர்கிறது. அங்குக் குழந்தை அழுதுகொண்டே எழுதிய பக்கங்களைக் கண்டு, பணம் வீண்போகவில்லை என்று அவர்கள் மனநிறைவு அடைகின்றனர். குடும்பத்தின் சேமிப்பும் குழந்தையின் மகிழ்ச்சியும் ஒருங்கே குறைவதை அவர்கள் உணர்வதில்லை.

பாலர் பள்ளியில் நடைபெறும் விளையாட்டே அங்குள்ள பாடம் ஆகும். அப்பாடத்துக்கு வீட்டிலிருந்து துணை செய்யப் பெற்றோர்க்குப் பெரும் படிப்பு வேண்டுவதில்லை. குழந்தையோடு பேசுவதற்குச் சிறிது நேரமும் பொறுமையும் இருந்தால் போதும். இதனை நம் அங்கத்தினர்கட்கு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நெசவாளர் ஒருவர் ஆசிரியரான வரலாறு

கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவராகிய இராபர்ட் ஓவன் என்பாரின் பெயரை நம் அங்கத்தினர் பலரும் கேட்டிருப்பர். ஸ்காட்லாந்து நாட்டில் நியூ லானார்க் என்னும் ஊரிலிருந்த பஞ்சாலையின் நிர்வாகத்தை அவர் 1800ஆம் ஆண்டில் ஏற்றார். சிறு குழந்தைகள் ஆலைகளில் உழைத்துவந்த காலம் அது. ஓவன் பத்து வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு எடுப்பதை நிறுத்தினார். 1816ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று தொழிலாளர் குழந்தைகளுக்கென ஒரு பள்ளியைத் திறந்தார். நடை பழகிய குழந்தைகள் முதல் அங்குச் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

அப்பள்ளியின் குழந்தைப் பிரிவுக்கு ஓவன் தேர்ந்தெடுத்த ஆசிரியர்கள் இருவர். ஒருவர் ஜேம்ஸ் புக்கானன் என்னும் கைத்தறி நெசவாளர். நலிந்துவந்த நெசவுத் தொழிலால் வயிற்றைக் கழுவ இயலாமல் துன்புற்றவர். மற்றொருவர் மாலி யங் என்னும் பதினேழு வயது ஆலைத் தொழிலாளப் பெண். புக்கானனுக்குத் தொடக்கத்தில் எழுதப் படிக்கவே சரியாகத் தெரியாது என்று ஓவன் தம் வரலாற்றில் குறிப்பிடுகின்றார். எனினும் குழந்தைகளிடத்து அளவற்ற அன்பும் சலியாத பொறுமையும் அவரிடம் இருந்தன. அவற்றையே ஓவன் தகுதியாகக் கொண்டார்.

அவ்விருவர்க்கும் ஓவன் இட்ட கட்டளைகள் இன்றும் நம் வீடுகளுக்குப் பொருந்துவன. எக்காரணத்தைக் கொண்டும் குழந்தையை அடித்தலாகாது. சொல்லாலும் செயலாலும் அச்சுறுத்தலாகாது. மலர்ந்த முகத்துடன் இன்சொல்லே பேசுதல் வேண்டும். புத்தகங்களைக் கொண்டு குழந்தையைத் தொல்லைப்படுத்தலாகாது. சுற்றிலும் காணும் பொருள்களின் இயல்பையும் பயனையும், குழந்தை தானே ஆவலுடன் கேட்கும்போது, உரையாடலின் வாயிலாகவே கற்பித்தல் வேண்டும். புக்கானன் இவற்றைக் கடைப்பிடித்தார். பிற்பாடு இலண்டன் நகரிலும் குழந்தைப் பள்ளி நடத்த அவர் அழைக்கப்பெற்றார்.

எழுத்தறிவு குறைந்த ஒரு நெசவாளர் குழந்தைக் கல்வியின் முன்னோடிகளுள் ஒருவராக விளங்க இயலுமாயின், நம் பெற்றோர் தம் ஒரு குழந்தைக்குத் துணையாக இருக்க இயலாதா என்று நாம் கேட்கின்றோம்.

நம் நாட்டிலும் இக்கருத்து வேரூன்றியே வளர்ந்துள்ளது. குஜராத்தின் பாவ்நகரில் 1920இல் கிஜுபாய் பதேகா பாலமந்திர் ஒன்றைத் தொடங்கினார். மாரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் ஆசிரியர்கட்குப் பயிற்சி அளித்தார். மராட்டியப் பகுதியில் போர்டி என்னும் ஊரில் 1945இல் தாராபாய் மோடக் தம் பணியைத் தொடங்கினார். பழங்குடிக் குழந்தைகள் பள்ளியைத் தேடி வரவில்லையாதலின், பள்ளியையே அவர்கள் குடியிருப்பின் முற்றத்துக்குக் கொண்டுசென்றார். 'அங்கன்' என்பது முற்றத்தைக் குறிக்கும் சொல். அங்கன்வாடி என்னும் பெயர் அதிலிருந்து வந்ததே. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அப்பெயரை நாடெங்கும் பரப்பியது. தமிழகத்தில் 1982இல் விரிவாக்கப்பெற்ற சத்துணவுத் திட்டம் இரண்டு வயது முதலான குழந்தைகளுக்கும் உணவளித்தது. ஆகவே, அங்கன்வாடி உணவிடும் இடம் மட்டுமன்று. கல்வி கற்பிக்கும் இடமும் ஆகும்.

விளையாட்டின் உட்பொருள்

குழந்தை மணி கோக்கிறது, களிமண்ணை உருட்டுகிறது, காகிதத்தைக் கிழிக்கிறது. இவற்றைக் காணும் தந்தை, "இதற்கா பள்ளி?" என்கிறார். மனிதனின் மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாக எலும்பாக மாறத் தொடங்குகின்றன. எட்டாவது எலும்பு தோன்றுவதற்கு எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை ஆகிறது. மூன்று வயதுக் குழந்தையின் கை, எழுதுகோலை இறுகப் பற்றி வரிவரியாக எழுதுதற்கு இன்னும் பக்குவம் அடையவில்லை. களிமண்ணும் மணியும் அக்கைக்கும் விரல்களுக்கும் வலிமை ஊட்டுகின்றன. கண்ணும் கையும் ஒன்றுபட்டு இயங்கப் பழக்குகின்றன.

தொழில் பழக வந்த சிறுவனை முதல் நாளிலேயே பட்டுத் தறியில் உட்கார வைப்பார் உண்டோ? முதலில் நூலின் தன்மையை அறிகிறான். அறுந்த இழையை முடியக் கற்கிறான். பிறகே நாடாவைத் தொடுகிறான். பாவு செம்மையாக அமையாத தறியில் எத்துணை விலையுயர்ந்த ஊடையை ஓட்டினும் துணி நன்றாக அமையாது. கல்விக்கும் இதுவே முறை.

பாட்டும் கதையும் அத்தகையவே. கதை கேட்கும் குழந்தை, ஒரு நிகழ்ச்சிக்குப் பின் மற்றொன்று வருவதை மனத்தில் இருத்துகிறது. புதிய சொற்களை அறிகிறது. அடுத்து என்ன நேரும் என எண்ணிப் பார்க்கிறது. பிற்காலத்தில் புத்தகத்தைப் படித்துப் பொருள் அறிதற்கு இவையே அடிப்படை. தறி, தட்டு, தண்ணீர் என்னும் சொற்கள் ஒரே ஒலியில் தொடங்குவதைக் காதால் உணர்ந்த குழந்தைக்கு, 'த' என்னும் எழுத்தைப் பின்னர்க் கண்ணால் காணும்போது அது புதிதாகத் தோன்றாது. தமிழ் எழுத்துக்கள் 247. அவற்றை ஒலியறியாமல், பொருளறியாமல், மூன்று வயதில் நூறு முறை எழுதுவதால் கை வலியும் கல்வியில் வெறுப்புமே மிஞ்சும்.

இது நம் கருத்து மட்டுமன்று. பேராசிரியர் யஷ்பால் தலைமையில் அமைந்த குழு 1993இல் அளித்த அறிக்கையில், சிறு குழந்தைகள்மீது முறையான எழுத்தையும் கணக்கையும் திணித்தலைக் கண்டித்தது. பாலர் பள்ளிச் சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் வைத்தலை ஒழிக்க வேண்டுமென்றது. 2022இல் வெளிவந்த தேசியக் கலைத்திட்டமும் மூன்று முதல் எட்டு வயது வரையிலான காலத்தை ஒரே அடித்தளப் பருவமாகக் கொண்டு, விளையாட்டு வழிக் கல்வியையே வற்புறுத்துகிறது.

தறியிலும் களத்திலும் எண்ணறிவு

குழந்தை ஒன்று முதல் இருபது வரை தட்டின்றிக் கூறுவதைக் கேட்டுப் பெற்றோர் மகிழ்கின்றனர். அதே குழந்தையிடம், "ஐந்து புளியங்கொட்டை எடுத்து வா" என்றால் ஒரு கைப்பிடி அள்ளி வருகிறது. எண்களின் பெயரை ஒப்புவித்தல் வேறு. எண்ணின் பொருளை அறிதல் வேறு. ஒவ்வொரு பொருளையும் ஒரு முறையே தொட்டு எண்ண வேண்டும் என்பதும், இறுதியாகக் கூறிய எண்ணே மொத்தத் தொகை என்பதும் குழந்தைக்குப் பெரும்பாலும் நான்கு வயதை ஒட்டியே தெளிவாகின்றன. பொருள்களைக் கையால் தொட்டு எண்ணப் பழகுவதே அதற்கு வழி.

இவ்வகையில் நம் அங்கத்தினர் வீடுகளைவிடச் சிறந்த பள்ளி வேறில்லை என்றால் அது மிகையாகாது. நெசவாளர் வீட்டில் வண்ண வண்ணத் தார்கள் உள்ளன. அவற்றை நிறவாரியாகப் பிரித்து அடுக்குமாறு குழந்தையிடம் கூறலாம். கட்டம் போட்ட துண்டில் சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என மாறி வருவதைக் காட்டி, "அடுத்து எந்த நிறம் வரும், கண்ணு?" என்று கேட்கலாம். ஒழுங்கைக் கண்டறியும் இப்பழக்கமே கணிதத்தின் தொடக்கம். கரை எது, உடல் எது, முந்தி எது என்று கேட்டால் குழந்தை இடமும் வரிசையும் அறிகிறது. உழவர் வீட்டில் உளுந்தும் துவரையும் கலந்த தானியத்தை இனம் பிரித்தல், சிறிய படியால் எத்தனை முறை முகந்தால் பெரிய படி நிறையும் என்று பார்த்தல், நாற்று முடிகளை எண்ணுதல், ஈர மண்ணையும் உலர்ந்த மண்ணையும் தொட்டு வேறுபாடு கூறுதல் ஆகிய யாவும் பாடங்களே.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் கூறுதல் அவசியம். கொட்டைகளையும் தானியங்களையும் சிறு குழந்தை கையில் விட்டுவிட்டு அப்பால் செல்லலாகாது. வாயிலோ மூக்கிலோ இட்டுக்கொண்டு அபாயத்துக்கு உள்ளாகும். மற்றொன்று இதனினும் பெரிது. தாரை அடுக்கிப் பார்த்தல் விளையாட்டு. நாள் முழுதும் உட்கார்ந்து தார் சுற்றுதல் வேலை. முன்னது குழந்தை விரும்பும் வரையில் நடப்பது. பின்னது கூலிக்காக நடப்பது. பாலர் பள்ளிக்குத் துணை செய்தல் என்னும் பெயரால் குழந்தையைத் தொழிலில் பூட்டுதல் பெருந்தவறு. 14 வயது நிரம்பாத குழந்தையைக் கூலி வேலைக்கு அமர்த்துதல் சட்டப்படி குற்றமும் ஆகும்.

வீட்டு மொழி

நம் நெசவாளருள் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் ஆகிய மொழிகளை வீட்டில் பேசுவோர் பலர். அவர்தம் குழந்தை பாலர் பள்ளியில் முதன்முதலாகத் தமிழைத் தொடர்ந்து கேட்கிறது. சில நாள் வாய் திறவாமலும் இருக்கிறது. அதனைக் கண்டு அஞ்சி, வீட்டில் தாய்மொழி பேசுவதைப் பெற்றோர் விட்டுவிடுதல் கூடாது. ஒரு மொழியில் நன்கு பேசவும் எண்ணவும் கற்ற குழந்தை, அத்திறத்தைக் கொண்டே மற்றொரு மொழியை எளிதில் கற்றுக்கொள்கிறது. தண்ணீருக்கும் சோற்றுக்கும், வயிற்று வலிக்கும் வெளிக்குப் போவதற்கும் வீட்டில் வழங்கும் சொற்களை ஆசிரியைக்குச் சொல்லிவைத்தால் போதும். குழந்தையின் தவிப்புப் பாதி குறையும்.

ஆங்கிலத்துக்கும் இது பொருந்தும். பிள்ளைகள் ஆங்கிலம் கற்க வேண்டும் என்னும் பெற்றோரின் விருப்பம் நியாயமானதே. ஆனால் வீட்டில் ஒருவரும் பேசாத மொழியில், மூன்று வயதில், பொருளறியாச் சொற்களை மனப்பாடம் செய்வதனால் அவ்விருப்பம் நிறைவேறாது.

பெற்றோர் செய்யத்தக்கவை

பள்ளியிலிருந்து வந்த குழந்தையிடம் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டல் வேண்டும். "என்ன எழுதினாய்?" என்பதற்கு மாறாக, "யாரோடு விளையாடினாய்? என்ன கதை கேட்டாய்? அந்தப் பாட்டை எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேட்டால், குழந்தை அன்றைய பாடம் முழுவதையும் ஒப்புவித்துவிடும். தாய்க்கும் தந்தைக்கும் தான் ஆசிரியராகும் பெருமிதமும் அதற்கு உண்டாகும்.

தறியில் அமர்ந்தபடியே தந்தை பேசலாம். களை எடுத்தபடியே தாய் பேசலாம். இதற்கெனத் தனி நேரம் ஒதுக்க இயலாதவர்க்கும் இது இயலும். குழந்தை "ஏன்?" என்று கேட்கும்போது, "சும்மா இரு" என்று அடக்காமல், தெரிந்ததைக் கூறுதல் நன்று, தெரியாவிடில், "இருவரும் பார்ப்போம்" என்று கூறுதல் நன்று. இரவில் பாட்டி கூறும் கதை எந்தப் புத்தகத்துக்கும் குறைந்ததன்று.

கைப்பேசியைக் கொடுத்துக் குழந்தையை அமைதிப்படுத்தும் வழக்கம் இப்போது எங்கும் பரவியுள்ளது. இரண்டு முதல் நான்கு வயது வரையிலான குழந்தை திரையின் முன் அமர்வது நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்றும், குறையக் குறைய நன்று என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்குப் பகலுறக்கம் உட்பட 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றும் அது கூறுகிறது. இரவு நெடுநேரம் தறி ஓடும் வீட்டில், குழந்தை உறங்க ஓசை குறைந்த மூலை ஒன்றை ஒதுக்குதல் பெற்றோர் கடன்.

"அடம் பிடித்தால் டீச்சரிடம் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டுதலை அறவே விட வேண்டும். ஆசிரியையைக் கண்டு அஞ்சும் குழந்தை அவரிடம் ஒன்றும் கற்காது. முதல் நாள்களில் குழந்தை அழுதால், கண்ணை மறைத்து நழுவிச் செல்லாமல், "வேலை முடிந்ததும் வந்து அழைத்துப் போவேன்" என்று சொல்லிச் சென்று, சொன்னபடியே வருதல் வேண்டும். சொல் தவறாமையே குழந்தையின் அச்சத்துக்கு மருந்து.

ஆசிரியையும் பெற்றோரும்

மாண்டிசோரி அம்மையார் 1907இல் உரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் தொடங்கியபோது, பெற்றோர்க்கென ஒரு விதி வகுத்தார். தாய்மார் வாரம் ஒரு முறையேனும் ஆசிரியையைக் கண்டு, குழந்தை வீட்டில் இருக்கும் நிலையை எடுத்துக் கூற வேண்டும் என்பதே அவ்விதி. அங்கே இது முக்கியமாகக் கருதப்பட்டது. நம் பெற்றோர் மாதம் ஒரு முறையேனும் இதனைச் செய்யலாகாதா?

குழந்தை யாருடன் சேர்கிறது, எதனை விரும்புகிறது, எதற்கு அஞ்சுகிறது, சொன்னதைப் புரிந்துகொள்கிறதா என்பனவே கேட்கத்தக்க கேள்விகள். நம் மாநில அங்கன்வாடிகளுக்கென 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்னும் பாடத்திட்டம் உண்டு. அதன்படி இம்மாதம் எதனைக் கற்பிக்கின்றனர் என்று கேட்டறிந்து, வீட்டிலும் அதனைப் பற்றிப் பேசலாம். ஒரு மையத்தில் உணவு மட்டுமே வழங்கப்பெற்று, பாட்டும் கதையும் விளையாட்டும் நடைபெறாவிடில், அதனைச் சுட்டிக்காட்டும் உரிமையும் பெற்றோர்க்கு உண்டு. விளையாட்டு நடப்பதற்காகக் குறை கூறுதல் தகாது. நடவாமைக்கே குறை கூற வேண்டும்.

அக்குழந்தையின் வயதொத்த பிற குழந்தைகள் பேசும்போது அது பேசாதிருந்தாலோ, அழைத்தால் திரும்பிப் பாராவிட்டாலோ, நடையில் தடுமாற்றம் இருந்தாலோ, "வளர வளரச் சரியாகும்" என்று நாள் கடத்தலாகாது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரு முறை பரிசோதிக்க வேண்டும். அந்நாள் எதுவெனக் கேட்டறிந்து, குழந்தையை அன்று தவறாமல் அனுப்பி, ஐயத்தை ஒளிக்காமல் கூறுதல் வேண்டும். காதில் உள்ள குறை மூன்று வயதில் கண்டறியப்பட்டால் அக்குழந்தையின் வாழ்வே மாறக்கூடும்.

சங்கங்களின் பங்கு

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844இல் கூட்டுறவுப் பண்டகசாலை அமைத்த 28 பேருள் நெசவாளர் பலர். பிற்பாடு அவர்கள் தம் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். கல்வி கூட்டுறவுக் கொள்கைகளுள் ஒன்றாக இன்றும் நிலைத்திருக்கிறது. அக்கொள்கை அங்கத்தினர் குழந்தைகளிடமிருந்து தொடங்குதல் பொருத்தமே.

சங்கங்கள் இதற்குப் பெருஞ்செலவு செய்ய வேண்டுவதில்லை. பாவு வழங்கும் நாளிலும் கூலி வழங்கும் நாளிலும் அங்கத்தினர் சங்கக் கட்டடத்தில் கூடுகின்றனர். அன்று அரை மணி நேரம் ஒதுக்கி, ஊர் அங்கன்வாடி ஆசிரியையை அழைத்துப் பேசச் செய்யலாம். வேளாண்மைச் சங்கங்கள் உரம் வழங்கும் நாளில் அவ்வாறு செய்யலாம். தாய்மார் மட்டுமன்றித் தந்தையரும் அதனைக் கேட்பர் என்பது இதில் உள்ள தனி நன்மை. கழிவாகும் வண்ண நூல்களையும், துண்டுத் துணிகளையும், உடைந்த தறியின் மரத்தில் செய்த கட்டைகளையும் மையத்துக்கு அளிக்கலாம். இவற்றைவிடச் சிறந்த விளையாட்டுப் பொருள்கள் குழந்தைகட்குக் கிடைப்பது அரிது.

நாற்றங்காலில் விதைத்த மறுநாளே கதிரை எதிர்பார்ப்பார் இல்லை. வேர் பிடித்ததா என்று பார்ப்பதற்காக நாற்றைப் பிடுங்கிப் பார்ப்பாரும் இல்லை. நீர் பாய்ச்சிக் காத்திருத்தலே உழவர் அறிந்த நெறி. நம் குழந்தைகளிடத்தும் அந்நெறியைக் கடைப்பிடித்து, அவர்தம் விளையாட்டை மதித்து, நாள்தோறும் அன்புடன் உரையாடி, ஆசிரியையுடன் கைகோத்து நிற்குமாறு நம் அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறோம்.